பிலாத்துவிடம் பாடுபட்டவர்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சொல் என்னைச் சரியாக மாட்டிவிட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கடப்புறத்திலிருந்து, அதாவது கடற்கரையிலிருந்து, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிப்போம். இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை விதித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து வரும் இடத்தில் 'பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து' என்று குரல் தானாக இறங்கும். அன்றைக்கு டீச்சருக்கு என்ன தோன்றியதோ, நடுவில் நிறுத்தி, "பிலாத்து காலத்துல இயேசு என்ன செய்தாரு?" என்று கேட்டார். நான்தான் முதலில் கை தூக்கினேன்.

"வேலை செய்தாரு டீச்சர்."

"என்ன வேலை?"

"பனை ஏறினாரு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தவராக என்னை உட்காரச் சொன்னார். ஒரு மாதம் என் பெயர் பிலாத்து.

எனக்கு அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் 'பாடுபட்டு' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு எழுவாய்தான் உண்டு: பாட்டா. எங்கள் பக்கத்தில் தாத்தாவைப் பாட்டா என்போம். பாட்டா பாடுபட்டு வாங்கின பூமி. பாட்டா பாடுபட்டுப் படிக்க வைத்ததால்தான் அப்பா ஆபீசுக்குப் போகிறார். பாட்டா பட்ட பாட்டில்தான் இந்த ஓடு போட்ட வீடு. பாட்டா பனையேறி. அடுத்தவர் பனையில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஏறியவர். ஒரு நாள் அக்கானி (பதநீர்) மரக்காரருக்கு, மறுநாள் அக்கானி ஏறுகிறவருக்கு. எனவே பிலாத்து என்பவர் ஒரு பெரிய மரக்காரர் என்றும், இயேசு அவருடைய விளையில், அதாவது தோப்பில், ஏறினார் என்றும், ஏதோ கணக்குத் தகராறில் சிலுவை வரைக்கும் போய்விட்டது என்றும் நான் தெளிவாகவே கதையைக் கட்டி வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், அப்படி ஒன்றும் மோசமான வியாக்கியானம் இல்லை.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் ஒரு விண்ணப்பப் படிவம். வயிற்றுப்பாட்டுக்கு நான் மொழிபெயர்ப்பு செய்கிறேன். கடன் தவணை கட்ட முடியாதவர்கள் அவகாசம் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று தமிழாக்கத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் 'ஹார்ட்ஷிப்' என்று ஒரு கட்டம். உங்களுக்கு நேர்ந்த ஹார்ட்ஷிப்பை இரண்டு வரியில் விவரிக்கவும் என்கிறது. அங்கே என்ன போடுவது? துன்பம் என்றால் புத்தர் வந்துவிடுகிறார். இன்னல் என்றால் பத்திரிகைத் தலையங்கம். இடர் என்று எழுதினால் புயல் எச்சரிக்கை. அல்லல், இடும்பை எல்லாம் செய்யுளை விட்டு வெளியே வருவதே இல்லை. கஷ்டம் எல்லோருக்கும் புரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிச் சொல்லி, நனைந்த தீக்குச்சி மாதிரி ஆகிவிட்டது. நான் 'பட்ட பாடு' என்று எழுதிக் கொடுத்தேன். 'கொச்சையாக இருக்கிறது' என்று திரும்பி வந்தது. கடைசியில் 'சிரமம்' என்று போட்டு, அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

கொச்சை என்று திருப்பி அனுப்பப்பட்ட அந்தச் சொல்லுக்குத் தமிழில் எவ்வளவு வயது என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத்தான் உட்கார்ந்தேன். அனுப்பவில்லை. அது வளர்ந்து இந்தக் கட்டுரையாகிவிட்டது.

பள்ளிக்கூட இலக்கணத்தில் 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' என்று ஒன்று படித்திருப்போம். வினையின் முதலெழுத்தை நீட்டினால் பெயர் கிடைத்துவிடும். கெடு, கேடு. சுடு, சூடு. பெறு, பேறு. விடு, வீடு. அந்த வரிசையில்தான் படு, பாடு. எனவே பாட்டைப் புரிந்துகொள்ளப் படுவைப் பிடிக்க வேண்டும்.

படு என்றால் அடிப்படையில் விழு, மேலே வந்து விழு, நேர், அமை. கண்ணில் படுகிறது, காதில் படுகிறது, மனசில் படுகிறது, வெயில் படுகிறது, கை படுகிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று எங்கிருந்தோ வந்து நம்மேல் இறங்குகிறது. நாம் அதைத் தேடிப் போவதில்லை. சூரியனும் படும். எழுஞாயிறு, படுஞாயிறு. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு ஒதுக்கும் பொழுது எற்பாடு. எல் என்றால் சூரியன், எல்லின் பாடு எற்பாடு, சூரியன் சாயும் நேரம். இது ஏதோ ஏட்டோடு போன வழக்கு என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்புக்குப் போனால் வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே இருப்பது படுவான்கரை. பொழுது எழும் பக்கம், பொழுது படும் பக்கம். இன்றைக்கும் அங்கே ஊர் விசாரிக்கும்போது சொல்கிற பெயர்கள்தான் இவை.

இமையும் படும். குறுந்தொகையின் ஐந்தாம் பாட்டில் காதலன் பிரிந்துபோன பெண் ஒருத்தி தோழியிடம், இதுதானா காமநோய் என்பது என்று கேட்கிறாள். கடைசி வரி 'பல்லிதழ் உண்கண் பாடு ஒல்லாவே'. மை தீட்டிய என் கண்கள் பாட்டுக்கு இணங்க மறுக்கின்றன. இங்கே பாடு என்றால் தூக்கம், இமை விழுதல். படுக்கையும் படுத்தலும் இந்தச் சொல்லின் வீட்டுப் பிள்ளைகள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. தூக்கத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே சொல்லா என்று கேட்டால், ஆமாம், இரண்டும் மேலிருந்து வந்து விழுவதுதானே.

மனிதனும் படுவான். செங்கம் பக்கத்து நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு. பல்லவர் காலத்துக் கற்கள், வட்டெழுத்து. இன்னார் ஆட்சியில், இன்ன ஊர் மாட்டு மந்தையைக் கவர்ந்தபோது, அதை மீட்கப் போய் 'பட்டான் கல்'. அவ்வளவுதான். வீரமரணம், தியாகம் என்றெல்லாம் அலங்காரம் கிடையாது. பட்டான். விழுந்தான், செத்தான், கல்லானான். பட்டுப்போன மரம் என்று நாம் சொல்வதும் இதே பட்டதுதான்.

இப்படி விழுதல், நேர்தல், தூங்குதல், சாதல் என்று போய்க்கொண்டிருந்த சொல் எப்போது உழைப்பானது? தேதி சொல்லி அடிக்க முடியாது. ஆனால் பாதை தெரிகிறது. நேர்ந்ததை அனுபவிப்பது, அனுபவித்ததால் வருந்துவது, வருந்திச் செய்வது என்று அது நடந்திருக்கிறது. ஔவையார் பெயரில் உள்ள நல்வழியில் 'பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்துவைத்து' என்று ஒரு வெண்பா தொடங்கும். அங்கே பாடு முழுக்க உழைப்பாகிவிட்டது. ஆனால் பழைய வருத்தமும் உள்ளே ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வருத்தம் இல்லாவிட்டால், கேடுகெட்ட மானிடரே என்று ஔவை அவ்வளவு கோபப்பட வேண்டிய அவசியமில்லை. சும்மா வந்த பணத்தைப் புதைத்தால் அது வேறு கதை.

உழைப்பையும் வருத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுவது தமிழுக்குப் பழக்கம் போலிருக்கிறது. உழத்தல் என்றாலும் வருந்துதல்தான். 'உழந்தும் உழவே தலை' என்று வள்ளுவர் சொல்லும்போது, எவ்வளவு வருந்தினாலும் உழவுதான் உயர்ந்தது என்கிறார். வடமொழிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. எனக்கு ஒப்புதல் வாங்கித் தந்த சிரமம் இருக்கிறதே, அதன் வேருக்கு உழைத்துக் களைத்தல் என்று பொருள். உடலை வருத்தித் தவம் செய்த சிரமணர் அந்த வேரில் வந்தவர்கள்; அதுதான் தமிழில் சமணர் ஆனது. ஆசிரமமும் அங்கிருந்துதான். ஆக, கொச்சை இல்லாத சொல் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதும் ஒரு வியர்வைச் சொல்தான். சமஸ்கிருத வியர்வை கொஞ்சம் கௌரவமாக மணக்கும், அவ்வளவுதான்.

இலக்கணத்துக்குள்ளும் இந்தப் படு நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. அடிபட்டான், வெட்டுப்பட்டது, சொல்லப்பட்டது, கைது செய்யப்பட்டார். ஒரு செயலைச் செய்யாமல் அது தன்மேல் விழ வாங்கிக்கொள்கிற எல்லோருக்கும் தமிழ் கொடுக்கிற துணைவினை படு. அதற்கு இலக்கணப் பெயரே செயப்பாட்டுவினை; பெயருக்குள்ளேயே பாடு ஒளிந்திருக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. லத்தீனில் 'பாத்தியோர்' என்றால் படுகிறேன், துன்புறுகிறேன். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினைக்குப் பாசிவ், நோயாளிக்குப் பேஷன்ட், பொறுமைக்குப் பேஷன்ஸ், கிறிஸ்துவின் பாடுகளுக்குப் பாஷன் எல்லாம் வந்தன. அந்தப் பாஷனுக்குத் தமிழில் எத்தனையோ சொல் போட்டிருக்கலாம். துன்பம், வேதனை, உபாதை என்று எதுவும் பொருந்தியிருக்கும். பாடு என்று போட்டவர் யாரோ, அவர் காதில் தேவதை ஓதியிருக்க வேண்டும். லத்தீன் எந்த வழியில் போனதோ அதே வழியில் தமிழும் தன் பாட்டுக்குப் போயிருந்தது. இரண்டையும் ஒருவர் சேர்த்து வைத்தார். விவிலியத்தில் ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தில் 'மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு, நம்முடைய துக்கங்களைச் சுமந்தார்' என்று வரும். பாடும் துக்கமும் அங்கே தனித்தனியாக நிற்பதைப் பாருங்கள். துக்கத்தைச் சுமக்கலாம், இறக்கியும் வைக்கலாம். பாட்டை ஏற்றுக்கொள்ளத்தான் முடியும்.

இது தெரிந்த பிறகு என் மூன்றாம் வகுப்புப் பதிலை நான் முழுதாக வாபஸ் வாங்குவதாக இல்லை.

'தன் பாட்டுக்கு' என்று மேலே எழுதினேனே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அவன் பாட்டுக்குப் போய்விட்டான், நான் என் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். இதில் உள்ள பாட்டைப் பாடல் என்று நினைத்து, மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போகிற ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன், கல்லூரி முடிக்கும் வரை. வீடு, வீட்டுக்கு என்று ஆவது போல, பாடு, பாட்டுக்கு. பாட்டாளியில் உள்ள பாட்டும் இதுதான், பாட்டை ஆள்பவர். அவன் பாட்டுக்கு என்றால், அவனுக்கு என்று விழுந்தது எதுவோ அதன் வழியில். ஈழத்தில் 'தன்பாட்டில்' என்பார்கள். கன்னடத்தில் 'நன்ன பாடிகெ நானு' என்றால் நான் என் பாட்டுக்கு. அங்கேயும் பாடு என்றால் ஒருவருடைய நிலைமை, கதி. நாய்ப்பாடு என்றுகூட அவர்களிடம் உண்டு. நாம் நாய் படாத பாடு என்று நீட்டுவதை அவர்கள் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். தெலுங்கில் பாட்டுபடு என்றால் முயன்று உழை. மலையாளத்தில் பெடாப்பாடு என்றால் நம் படாத பாடேதான். திராவிட மொழிகள் ஒரே அடுப்பில் சமைத்த சொற்களில் இது ஒன்று.

மலையாளத்தில் 'ஒருபாடு' என்றால் நிறைய. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் இருந்த ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் தமிழிலும் ஒருபாடு என்றால் நிறையதான். ஒருபாடு ஆளு வந்தாவ, ஒருபாடு மழை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஒருபாடு வேலை இருக்கு" என்று சொல்லி, மேலாளர் என்னை ஒப்பாரி வைக்கிறவனாகப் பார்த்தார்.

அப்புறம் கடப்புறம்.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் குளச்சலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரன். அவன் வீட்டில் ஒரு விடியற்காலை தங்கியிருந்தேன். கரையில் வள்ளங்கள் வந்து ஏறிக்கொண்டிருந்தன. அவன் அம்மா மணலில் நின்றபடி, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்: "பாடு உண்டா?" ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் கையை ஆட்டினார். மூன்றாவது ஆள் மட்டும் சிரித்து, "நல்ல பாடு" என்றார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வந்த மனிதரிடம் பாடு உண்டா என்று கேட்பதும், அவர் நல்ல பாடு என்று சிரிப்பதும் என்ன கணக்கு? நண்பன்தான் சொன்னான். வலையில் விழுந்த மீன், அன்றைய வரவு, அதுதான் பாடு. மீன்பாடு. பாடில்லை என்றால் வெறுங்கை.

அதாவது ஏழு எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு சொல் தலைகீழாகிவிட்டது. எங்கள் விளையில் பாடு என்பது நாம் கொடுப்பது. கரையில் பாடு என்பது நமக்குக் கிடைப்பது. ஆனால் படுவில் இருந்து பார்த்தால் தலைகீழ் ஒன்றுமே இல்லை. வலையில் வந்து விழுந்தது பாடு. தலையில் வந்து விழுந்ததும் பாடு. கடலுக்குப் போகிறவர் நேர்வதை எதிர்பார்த்துப் போகிறவர். எனவே அவர் மொழியில் விழுவது லாபமாகவும் இருக்கலாம். நண்பனிடம் அன்றைக்கு இவ்வளவு விளக்கமாகச் சொல்ல வரவில்லை. "எங்க ஊர்ல பாடு உண்டான்னு யாரும் கேக்க மாட்டாங்கலே, எப்பவும் உண்டு" என்று மட்டும் சொன்னேன்.

பழவேற்காடு ஏரியில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பாடு என்பது ஒரு முறை, ஒரு சட்டம் என்றே சொல்லலாம். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று குப்பத்தார் கூடி, முறைவைத்தும் சீட்டுப் போட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். எனக்கு விழுந்த இடம் எனக்கு, உனக்கு விழுந்த நாள் உனக்கு. இலங்கைக் கரையோரங்களில் கரைவலை இழுக்கும் இடத்தையும் பாடு என்றே சொல்வார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் வலைப்பாடு என்று ஓர் ஊரே இருக்கிறது. நல்ல இடமும் மோசமான இடமும் மாறிமாறி எல்லோருக்கும் வரட்டும் என்கிற நியாயம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் ரொம்பவும் புல்லரித்துப் போக வேண்டாம். பழவேற்காட்டில் அந்த 'எல்லோருக்கும்' என்பதில் எல்லோரும் கிடையாது. பாட்டுரிமை பரம்பரையாக உள்ள குப்பங்களுக்குத்தான் அது. அதே ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கிற மற்றவர்கள் அந்தச் சீட்டுக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்கும் பாடு உண்டு, விளைக்காட்டு அர்த்தத்தில்.

கஷ்டம் என்ற சொல்லிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் இங்கேதான். கஷ்டம் யாருடையது என்று கேட்டால் அது பதில் சொல்லாது. நாட்டில் கஷ்டம், வீட்டில் கஷ்டம், டிராபிக்கில் கஷ்டம். பாடு அப்படி அந்தரத்தில் நிற்காது. என் பாடு, உன் பாடு, அவர்கள் பாடு என்று ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். 'அது உன் பாடு' என்று ஒருவரைக் கைகழுவி விடலாம். 'உங்க பாடு எப்படிப் போகுது?' என்று அதே சொல்லால் அவர் தோளில் கையும் போடலாம். கஷ்டத்துக்கு வினை வேண்டுமென்றால் படுவிடம்தான் வந்து நிற்க வேண்டும்: கஷ்டப்படு. துன்பப்படு, வருத்தப்படு, அவஸ்தைப்படு. அதே வாயால் சந்தோஷப்படு, ஆசைப்படு, பெருமைப்படு. சந்தோஷமும் நாம் செய்வதில்லை, வந்து படுவதுதான் என்று மொழி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வள்ளுவர் இந்தச் சொல்லை வைத்து ஒரு விளையாட்டே விளையாடியிருக்கிறார். 'இடும்பைக்கு இடும்பை படுப்பர் இடும்பைக்கு இடும்பை படாஅ தவர்'. நாக்கைச் சுற்ற வைக்கும் குறள் என்று பேச்சுப்போட்டியில் ஒப்பித்துப் பரிசு வாங்குவோம். நுணுக்கம் படுப்பர், படாதவர் என்ற இரண்டு வினையில் இருக்கிறது. படு என்பது வாங்கிக்கொள்வது, படுப்பது என்பது கொடுப்பது. துன்பம் வரும்போது அதற்காக வருந்திப் படாதவர், அந்தத் துன்பத்தையே படுத்தி வைப்பார். குழந்தைகளைப் பார்த்து நாம் 'என்னைப் பாடாய்ப் படுத்தாதே' என்று கத்துகிறோமே, வள்ளுவர் துன்பத்தைப் பார்த்து அதைச் செய்யச் சொல்கிறார். எனக்கு இந்தக் குறளில் நம்பிக்கை குறைவு. ஆனால் இலக்கணம் அபாரம்.

கலித்தொகையின் 133ஆம் பாட்டில் 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்று ஒரு வரி. உலகத்து ஒழுக்கம் அறிந்து நடப்பது என்று நச்சினார்க்கினியர் உரை போகிறது. பழந்தமிழில் பாட்டுக்குப் பெருமை, முறைமை என்ற பொருள்களும் உண்டு, சரிதான். ஆனால் பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரி வேறு மாதிரிதான் காதில் விழுகிறது. எதிரே இருப்பவரின் பாடு என்ன என்று தெரிந்து நடந்துகொள்வது. உரையாசிரியர் மன்னிக்கட்டும்.

பாட்டின் பொருள்களில் ஒன்றை மட்டும் ஆண்கள் பக்கம் அதிகம் பேசுவதில்லை. பெரும்பாடு. மாதவிடாயில் அளவுக்கு மேல் போகும் உதிரப்போக்குக்குச் சித்த மருத்துவத்தில் இதுதான் பெயர். விவிலியத்தில் 'பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ' வருவாள், கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து வஸ்திரத்தைத் தொடுகிறவள். சிறுவயதில் அதையும் நான் கடின உழைப்பு என்றே புரிந்துகொண்டேன். 12 வருஷமாக ஓயாமல் வேலை செய்த ஒரு பெண், களைத்துப்போய் வந்து துணியைப் பிடிக்கிறாள். யாரும் கேள்வி கேட்காததால் இந்த முறை மாட்டிக்கொள்ளவில்லை.

பாட்டாளி என்று சுவரில் எழுதிப் பக்கத்தில் படம் வரைந்தால் அது எப்போதும் சம்மட்டி பிடித்த ஆண்தான். எங்கள் வீட்டு வாக்கியத்திலும் பாட்டா மட்டும்தான் பாடுபட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சீசன் தொடங்கிவிட்டால் இருட்டோடு எழுந்து போவார். காலையும் மாலையுமாக 30 பனைக்குக் குறையாது. நெஞ்சில் மரம் தேய்ந்து தேய்ந்து தோல் பனம்பட்டை மாதிரியே ஆகியிருந்தது. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு கூடாமல் ஏழு மாதம் கிடந்தார். 'பட்ட காலிலே படும்' என்று அப்போது ஊரார் சொல்லிக்கொண்டு வந்ததை, வந்தவர்கள் பெயரோடு, கடைசி வரை நினைவில் வைத்திருந்தார்.

ஆனால் இறக்கிய அக்கானி தானாகக் கருப்பட்டி ஆகாது. பாட்டி விளையிலிருந்து அதைச் சுமந்து வந்து, வடிகட்டி, அடுப்பில் ஏற்றி, பனைமட்டையும் சருகும் தள்ளித் தள்ளி எரித்து, மணிக்கணக்கில் கிண்டுவாள். தீ கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவாள். சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்துத் தட்டி எடுக்கும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். அந்தக் கூரைக்குள் போனால் என் கண்ணுக்கு ஐந்து நிமிஷம் தாங்காது. அவள் அதற்குள் நாற்பது வருஷம் இருந்தாள். பாட்டி பாடுபட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நான் கேட்டதில்லை. அவளே தொடங்கியதில்லை. ஏதாவது கேட்டால் "எம் பாடு கெடக்கட்டு" என்று பேச்சை மாற்றுவாள்.

பாட்டா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒரு கண் சுத்தமாகத் தெரியாது, மற்றதில் வெளிச்சம் மட்டும். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்துக் கதையைச் சொன்னேன். பட்ட பாடு என்று எழுதியதும், கொச்சை என்று திருப்பி அனுப்பியதும். பாதி புரிந்ததோ என்னவோ, தலையாட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க பட்ட பாட்டுக்கு முன்னால இதெல்லாம் என்ன பாட்டி" என்றேன், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு.

"நான் என்ன பாடுபட்டேன் மக்களே. பாட்டா இல்லா ஏறினாரு."

நான் விடவில்லை. அடுப்பு, புகை, கண் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கையை மடியில் மல்லாத்தி வைத்து, விரல் நுனிகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதம் பார்ப்பது மாதிரி. அப்புறம் கேட்டாள்:

"அந்த எழுத்து வேலைக்குத் துட்டு தந்தானா?"

"தந்தான்."

"எப்படி, மாசத்துக்கா?"

"இல்ல பாட்டி. ஒரு வார்த்தைக்கு ஒரு ரூவா."

கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"அப்பம் ஒருபாடு வார்த்தை எழுதணுமே" என்றாள்.